போஸ்ட்கிரஸில் ஒரு பக் எப்படித் திருத்தப்படுகிறது?

மொபைல் ஆப் ஒன்றில் பக், அதாவது பிழை, இருந்தால் பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அல்லது திரை அப்படியே நின்றுவிடும். மூடிவிட்டுத் திரும்பத் திறப்போம். டேட்டாபேஸில் வரும் மோசமான பக் அப்படிக் காட்டிக்கொடுக்காது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற மாதிரியே இருக்கும். பல வாரம் கழித்து யாரோ ஒரு வாடிக்கையாளரின் பழைய ரசீதைத் தேடும்போதுதான் அது இல்லை என்பது தெரியவரும். அதற்குள் எடுத்த பேக்கப் அத்தனையிலும் அதே ஓட்டை இருக்கும். இதனால் டேட்டாபேஸ் எழுதுகிறவர்கள் பிழை திருத்துவதில் மிகவும் நிதானமாக நடக்க வேண்டியிருக்கிறது.

அந்த நிதானத்தைக் கிட்டே போய்ப் பார்ப்பதற்கு நல்ல இடம் போஸ்ட்கிரஸ். இது திறந்த மூல டேட்டாபேஸ் என்பதால் ஒரு பிழையைப் பற்றி யார் என்ன சொன்னார்கள், எந்த வரி ஏன் மாற்றப்பட்டது என்பதெல்லாம் பொதுவெளியில் இருக்கிறது. 1986இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம்தான் இதன் வேர். 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கவும் கட்டளையிடவும் பயன்படும் மொழி அது. 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இப்போதைய பெயர் வந்தது. அதிலிருந்து உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்களும் பல நிறுவனங்களின் ஊழியர்களும் சேர்ந்து வளர்க்கிறார்கள். எந்த ஒரு நிறுவனத்துக்கும் இது சொந்தமில்லை. மாற்றத்தை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதை மூல நிரலில் சேர்க்கும் அதிகாரம் மட்டும் 'கமிட்டர்' எனப்படும் சுமார் 30 பேரிடம் இருக்கிறது.

முதலில் பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 17.2 என்றால் 17 பெரிய பதிப்பு, 2 சிறிய பதிப்பு. பெரிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்று, வழக்கமாக செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். புது வசதிகள் எல்லாம் அதில்தான். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு, அதாவது பிழைத் திருத்தம், உண்டு. சிறிய பதிப்பில் புது வசதி எதுவும் கிடையாது, பிழைத் திருத்தம் மட்டுமே. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாவது வியாழக்கிழமை வெளியிடுவது வழக்கம். சிறிய பதிப்பு மாறும்போது டிஸ்க்கில் தரவு இருக்கும் வடிவம் மாறாது. சர்வரை நிறுத்தி, புது மென்பொருளை வைத்து, திரும்பக் கிளப்பினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. (2017இல் வந்த 10ஆம் பதிப்புக்கு முன்பு 9.6.12 என்று மூன்று எண்கள் இருந்தன. அதில் முதல் இரண்டும் சேர்ந்ததுதான் பெரிய பதிப்பு.)

"ஓடிக்கிட்டு இருக்கிறதை ஏன் தொடணும்?" என்ற பேச்சு நம் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும். பெரிய பதிப்பை மாற்றும்போது அந்தத் தயக்கம் நியாயம்தான், சோதித்துப் பார்த்துத்தான் மாற வேண்டும். சிறிய பதிப்புக்கும் அதே பயத்தை வைத்திருப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் சின்ன எண்ணுக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இருபது ஆண்டு மறைந்திருந்த பிழை

ஒரு உண்மைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். இதைப் புரிந்துகொள்ள, டேட்டாபேஸ் தரவை எப்படிச் சேமிக்கிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் நினைவிருக்கும். அன்றாட நடவடிக்கை முதலில் நடந்த வரிசையில் குறிப்பேட்டில் ஏறும். அப்புறம் அந்தந்தக் கணக்குக்கு உரிய பக்கத்தில் பேரேட்டில் எடுத்து எழுதுவார்கள். போஸ்ட்கிரஸும் அப்படித்தான். நீங்கள் ஒரு டிரான்சாக்ஷனை, அதாவது ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் மாற்றங்களை, கமிட் (உறுதி) செய்ததும் அது முதலில் குறிப்பேட்டில், அதாவது டிரான்சாக்ஷன் லாகில், எழுதப்பட்டு டிஸ்க்குக்குப் போகிறது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் "கமிட் ஆகிவிட்டது" என்ற பதில் உங்களுக்கு வரும். டேபிளின் உண்மையான பக்கங்கள், அதாவது பேரேடு, மெமரியில் மாற்றப்பட்டு பிறகு சாவகாசமாக டிஸ்க்குக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால், குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆனால் குறிப்பேடு முடிவில்லாமல் வளர முடியாது. அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் 'செக்பாயிண்ட்' என்று ஒரு வேலை நடக்கும். இதுவரையிலான மாற்றம் எல்லாம் பேரேட்டில் ஏறிவிட்டது என்று உறுதிசெய்துகொண்டு, பழைய குறிப்பேட்டுப் பக்கங்களை விட்டுவிடுவதுதான் அந்த வேலை. சரி, ஏறிவிட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது? டேட்டாபேஸ் நேராக டிஸ்க்கில் எழுதுவதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கிறது, அது வாங்கித் தன் மெமரியில் வைத்துக்கொண்டு வசதிப்பட்டபோது டிஸ்க்குக்கு அனுப்புகிறது. "இந்த ஃபைலில் எழுதியது எல்லாம் உண்மையிலேயே டிஸ்க்குக்குப் போய்ச் சேரட்டும், சேர்ந்த பிறகு சொல்" என்று கேட்கும் கட்டளைக்கு 'எஃப்சிங்க்' என்று பெயர்.

எஃப்சிங்க் தோற்றால் என்ன செய்வது? போஸ்ட்கிரஸ் செய்தது எளிமையானது: இந்த செக்பாயிண்ட் ஆகவில்லை, அடுத்த முறை திரும்ப முயல்வோம். அடுத்த முறை எஃப்சிங்க் வெற்றி என்று சொன்னால் எல்லாம் டிஸ்க்கில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. யாராக இருந்தாலும் இப்படித்தான் நினைப்பார்கள்.

லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் அப்படி நடக்கவில்லை. ஒரு பக்கத்தை டிஸ்க்குக்கு அனுப்பும்போது பிழை வந்தால், அதை ஒரு முறை சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை 'எழுதியாயிற்று' என்று லினக்ஸ் குறித்துக்கொண்டது. இரண்டாம் முறை எஃப்சிங்க் கேட்கும்போது எழுத வேண்டிய பக்கம் எதுவும் பாக்கி இல்லை, எனவே பதில் 'வெற்றி'. போஸ்ட்கிரஸ் அதை நம்பிச் செக்பாயிண்ட்டை முடித்துக் குறிப்பேட்டை விட்டுவிடும். இப்போது அந்த மாற்றம் பேரேட்டிலும் இல்லை, குறிப்பேட்டிலும் இல்லை. பயனருக்கோ எப்போதோ "கமிட் ஆகிவிட்டது" என்று சொல்லியாயிற்று.

ஒரு பயனரின் சர்வரில் ஸ்டோரேஜ் கோளாறுக்குப் பிறகு தரவு சிதைந்ததை ஆராயப்போய், கிரெய்க் ரிங்கர் என்ற டெவலப்பர் 2018 மார்ச்சில் இதைப் போஸ்ட்கிரஸ் குழுவின் முன் வைத்தார். தொடர்ந்து நடந்த விவாதம் மிக நீளமானது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களுடனும் பேச வேண்டியிருந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது: யாரோ யூஎஸ்பி டிரைவைப் பாதியில் பிடுங்கிவிட்டால், அதற்கு எழுத வேண்டிய பக்கங்களை என்றைக்கும் மெமரியில் வைத்திருக்க முடியுமா? மெமரி நிரம்பி இயந்திரமே நின்றுவிடும். ஃப்ரீபிஎஸ்டி போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் பக்கத்தை விடாமல் வைத்திருக்கும் வழியைத் தேர்ந்திருந்தன. எஃப்சிங்க் தோற்ற பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் பொதுவான புரிதல் அதுவரை இருந்ததே இல்லை.

கடைசியில் எடுத்த முடிவு கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். எஃப்சிங்க் ஒரு முறை தோற்றால் போஸ்ட்கிரஸ் திரும்ப முயலாது. அந்த இடத்திலேயே முழு சர்வரும் நின்றுவிடும். பிறகு கிளம்பும்போது கடைசியாக ஒழுங்காக முடிந்த செக்பாயிண்ட்டிலிருந்து குறிப்பேட்டை மறுபடி படித்துப் பேரேட்டைக் கட்டும். செக்பாயிண்ட் முடியாததால் குறிப்பேடு பத்திரமாக இருக்கும். சர்வர் சில நிமிடம் நிற்பது தொந்தரவுதான், ஆனால் தரவு சத்தமில்லாமல் போவதோடு அதை ஒப்பிடவே முடியாது. பழைய நடைமுறையே பாதுகாப்பாக இருக்கும் சிஸ்டங்களுக்காக ஒரு செட்டிங்கையும் சேர்த்தார்கள், அது இயல்பாக அணைந்தே இருக்கும்.

இந்தத் திருத்தம் 2019 பிப்ரவரி 14 அன்று 11.2, 10.7, 9.6.12, 9.5.16, 9.4.21 என ஐந்து பதிப்புகளில் ஒரே நாளில் வந்தது. பிழை சொல்லப்பட்டதிலிருந்து ஏறக்குறைய 11 மாதம். மைஎஸ்க்யூஎல், மாங்கோடிபி ஆகிய மற்ற டேட்டாபேஸ்களிலும் இதே பாணியில் திருத்தம் செய்தார்கள். போஸ்ட்கிரஸ் எஃப்சிங்க்கை 20 ஆண்டுகள் தவறாகப் பயன்படுத்தியது எப்படி என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, டோமாஸ் வோண்ட்ரா என்ற போஸ்ட்கிரஸ் டெவலப்பர் அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் பேசினார். தங்கள் மென்பொருளின் பெரிய ஓட்டையைப் பற்றித் தாங்களே மேடையேறி விளக்கும் அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

திருத்தத்தைச் சேர்க்கும்முன்

எல்லாப் பிழையும் இவ்வளவு ஆழமானது இல்லை. பெரும்பாலானவை சில நாட்களில் முடிந்துவிடும். ஆனால் கடக்க வேண்டிய படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒருவர் பிழையைத் தெரிவித்ததும் அதற்கு ஒரு எண் கிடைக்கும். அடுத்தது, அதே பிழையை இன்னொருவர் தன் கணினியில் வரவழைக்க முடிகிறதா என்பது. முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முடியாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். காரணம் தெரிந்தபின் ஒருவர் பேட்ச், அதாவது நிரலில் செய்ய வேண்டிய மாற்றம், எழுதுவார், மற்றவர்கள் அதை வரிவரியாகப் பார்ப்பார்கள். கமிட்டரே எழுதிய பேட்ச் என்றாலும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் இப்படிப் பார்க்கப்படும். புது வசதிகளுக்கான பேட்ச்கள் குவிந்துவிடும் என்பதால் அவற்றை மட்டும் உட்கார்ந்து பரிசீலிக்க ஆண்டில் ஐந்து மாதங்களை ஒதுக்கியிருக்கிறார்கள்: ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச்.

திருத்தத்தோடு முடிந்தவரை ஒரு சோதனையும் சேர்ந்தே வரும். போஸ்ட்கிரஸின் அடிப்படைச் சோதனை முறை மிகவும் எளிமையானது. ஒரு ஃபைலில் எஸ்க்யூஎல் கட்டளைகள் இருக்கும், இன்னொன்றில் அதற்கு வர வேண்டிய பதில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். ஓட்டிப் பார்த்து இரண்டும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுவார்கள். இன்று திருத்திய பிழை ஐந்து ஆண்டு கழித்து யாரோ எழுதும் மாற்றத்தால் திரும்ப வந்தால், இந்தச் சோதனை உடனே பிடித்துவிடும்.

அப்புறம் 'பில்ட்ஃபார்ம்'. 2004இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் என்ற டெவலப்பர் தொடங்கிவைத்தது. உலகின் பல மூலைகளில் தன்னார்வலர்கள் ஆளுக்கு ஒன்றோ சிலவோ கணினிகளை இதற்கென்று ஓடவிட்டிருக்கிறார்கள். பழைய பிராசசர், புது பிராசசர், லினக்ஸ், விண்டோஸ், பிஎஸ்டி என்று விதவிதமானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். ஒரு மாற்றம் சேர்ந்ததும் இவை அதை எடுத்து, கம்பைல் செய்து (இயங்கும் மென்பொருளாக மாற்றி), சோதனைகளை ஓட்டிப் பார்த்து முடிவைச் சொல்லும். 'ஸ்கிங்க்' என்ற கணினி மெமரியைத் தவறாகத் தொடும் இடங்களைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியை வைத்து எல்லாவற்றையும் ஓட்டும். மற்ற எல்லா இடத்திலும் தேறிய மாற்றம் ஒரே ஒரு விலங்கிடம் மட்டும் தோற்பது வழக்கமான விஷயம். அந்த ஒன்றையும் யாரும் அலட்சியப்படுத்துவதில்லை, ஏனென்றால் அதே மாதிரி கணினியில் ஒரு மருத்துவமனையோ வங்கியோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

பெரிய வேலை இதற்குப் பிறகுதான். ஆதரவில் உள்ள ஐந்து பெரிய பதிப்புகளிலும் அந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒவ்வொன்றிலும் சேர்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் சுற்றியுள்ள நிரல் மாறியிருக்கும் என்பதால் ஒரே பேட்ச் அப்படியே ஒட்டாது. அதைவிட முக்கியம், பழைய பதிப்பை நம்பி ஏற்கெனவே கட்டப்பட்டவை எதுவும் உடைந்துவிடக் கூடாது.

இது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு 2024 நவம்பரில் நடந்ததைச் சொல்லலாம். நவம்பர் 14 அன்று 17.1 வெளிவந்தது. அதில் ஒரு திருத்தத்துக்காக, உள்ளுக்குள் பயன்படும் ஒரு தரவு அமைப்பின் கடைசியில் ஒரு சின்னப் புலத்தைச் சேர்த்திருந்தார்கள். கடைசியில் சேர்த்தால் மற்றவற்றின் இடம் மாறாது, பாதகமில்லை என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அமைப்பின் மொத்த அளவு கூடிவிட்டது. டைம்ஸ்கேல்டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்கள், அதாவது போஸ்ட்கிரஸோடு சேர்ந்து ஓடும் கூடுதல் மென்பொருள்கள், பழைய அளவை வைத்து கம்பைல் ஆனவை, அவையே அந்த அமைப்புக்கு மெமரி ஒதுக்குகின்றன. பழைய அளவில் ஒதுக்கிய இடத்தில் புதுப் புலத்தைத் தேடினால் விபரீதம்தான். ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, 17.2 வந்தது. அந்தப் புலத்தை அமைப்புக்குள் ஏற்கெனவே இருந்த காலி இடைவெளியில் நகர்த்தி, அளவைப் பழையபடி ஆக்கினார்கள். 12ஆம் பதிப்பின் ஐந்தாண்டு ஆதரவு முந்தைய வாரத்து வெளியீட்டோடு முடிந்திருந்தது. இருந்தும் அதே கோளாறு அதிலும் இருந்ததால் அதற்கும் 12.22 என்று இன்னொரு வெளியீடு கொடுத்தார்கள்.

நான் சிறிய பதிப்புகளைப் போடச் சொல்வதற்கு எதிராக இதைக் காட்டலாம், பார்த்தீர்களா, திருத்தமே உடைக்கிறதே என்று. உடைவது அரிது என்பதாலும், உடைந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்கிறார்கள் என்பதாலும் என் எண்ணம் மாறவில்லை. பயமாக இருந்தால் சோதனை சர்வரில் முதலில் போட்டு, உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் ஓடுகின்றனவா என்று சில நாள் பாருங்கள். அதற்காக இரண்டு ஆண்டு தள்ளிப்போட வேண்டியதில்லை.

சில நேரம் சரியான திருத்தம் என்பது எழுதியதை எடுத்துவிடுவதுதான். 14ஆம் பதிப்பில், இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) கட்டும்போது டேபிளைப் பூட்டாமல் கட்டும் வசதி தொடர்பாக வேகத்தைக் கூட்டும் ஒரு மாற்றம் செய்தார்கள். அதனால் டேபிளின் சில வரிசைகள் (பதிவுகள்) இண்டெக்ஸில் சேராமல் விடுபடும் ஆபத்து இருந்தது. வரிசை டேபிளில் இருக்கும், இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் கிடைக்காது. அடுத்த வழக்கமான வெளியீடு ஆகஸ்டில். அதுவரை காத்திருக்காமல் 2022 ஜூன் 16 அன்று 14.4ஐ வெளியிட்டு, அந்த மாற்றத்தையே நீக்கிவிட்டார்கள். தொடக்க நிலையில் உள்ளவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 14.4 போட்டால் இனிமேல் அப்படி ஆகாது. ஏற்கெனவே பழுதான இண்டெக்ஸ் தானாகச் சரியாகாது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும். இதுபோல நாம் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் வெளியீட்டுக் குறிப்பின் தொடக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்த ஒரு பகுதியையாவது ஒவ்வொரு முறையும் படித்துவிடுங்கள்.

புது வசதிகளிலும் இதே கண்டிப்பு. 'மெர்ஜ்' என்ற கட்டளை 2018இல் சேர்க்கப்பட்டு, தரம் போதாது என்று சில நாட்களில் திரும்ப எடுக்கப்பட்டது. பயனர்கள் கைக்கு அது வந்தது 2022இல், 15ஆம் பதிப்பில்.

பிழையைக் கண்டுபிடிப்பது யார்?

குழுவில் உள்ளவர்கள் மட்டும் இல்லை. 2020இல் கைல் கிங்ஸ்பரி என்ற வெளி ஆராய்ச்சியாளர் தன் ஜெப்சன் சோதனைக் கருவியை வைத்து 12.3 பதிப்பைச் சோதித்தார். ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற முடிவைத் தர வேண்டும் என்பதுதான் 'சீரியலைசபிள்' நிலையின் வாக்குறுதி. அது மீறப்படும் ஒரு சந்தர்ப்பத்தைக் கண்டுபிடித்தார். 2011இல் அந்த வசதி வந்ததிலிருந்தே இருந்த பிழை அது. அதே ஆண்டு ஆகஸ்ட் வெளியீட்டில் திருத்தம் வந்துவிட்டது.

பாதுகாப்புப் பிழைகளுக்கு மட்டும் வழி வேறு. அவற்றைத் தனியாக ஒரு சிறு குழுவிடம்தான் சொல்ல வேண்டும். திருத்தம் தயாராகும்வரை விவரம் வெளியே வராது. 2013 ஏப்ரலில் வெளியான ஒரு பெரிய பாதுகாப்புத் திருத்தத்துக்காக, மூல நிரல் களஞ்சியத்தைப் பொதுமக்கள் பார்ப்பதையே சில நாள் நிறுத்திவைத்தார்கள். திருத்தத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டால் எங்கே ஓட்டை என்று தாக்குபவர்களுக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

நீங்களும் பிழையைத் தெரிவிக்கலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுப் பதிப்பு எண், ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிழைச் செய்தி எழுத்து மாறாமல், நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, இவ்வளவையும் எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. முடிந்தால் வெற்று டேட்டாபேஸில் தொடங்கி, ஒரு டேபிள், நாலைந்து வரிசை, ஒரு கட்டளை என்ற அளவுக்குப் பிழையைச் சுருக்கிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களின் உண்மைத் தரவை அதில் சேர்க்காதீர்கள், எல்லாம் பொதுவெளிக்குப் போகும். எழுதுவதற்கு முன் உங்கள் பெரிய பதிப்பின் கடைசிச் சிறிய பதிப்பில் அந்தப் பிழை இன்னும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திருத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படித் தெரிவித்த ஒரு பிழை திருத்தப்பட்டால், ஒவ்வொரு பெரிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பின் கடைசியிலும் வரும் நன்றிப் பட்டியலில் உங்கள் பெயரும் இடம்பெறும். பேட்ச் எழுதியவர், சோதித்தவர், பிழையைச் சொன்னவர் என்று தனித்தனியாகப் பிரிக்காமல் எல்லோர் பெயரையும் ஒரே அகர வரிசையில் போடுகிறார்கள்.